எஸ்தர் தேர்ந்த பை

சொன்ன நாளில் சென்று நிற்றல் ஓர் அறம். ஈகையைப்போல் அது கண்ணில் படுவதில்லை. வீரத்தைப்போல் ஊர்கூடிப் பேசப்படுவதுமில்லை. காத்திருக்கும் ஒருவர் இருந்தால்தான் அவ்வறம் பிறக்கிறது; அவர் ஏமாறாமல் எழுந்து தம் வேலைக்குத் திரும்பும்போது நிறைகிறது. அதனை மலையடிவாரம்வரை மிதிவண்டியிலும், அதற்குமேல் தம் முதுகிலும் சுமந்து செல்பவர் ஒருவர் வடக்கனந்தலில் வாழ்கிறார். அவர் பெயர் எஸ்தர்.

நாற்பத்தேழு வயது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீடுதேடிச் சென்று கொடுப்பது அவர் பணி. கல்வராயன் மலைச் சரிவில் மூன்று சிற்றூர்கள் அவர் பொறுப்பில் உள்ளன. மாதத்தின் முதற் செவ்வாய் அவற்றுக்குரிய நாள். கோமுகி அணையைக் கடந்து சிறிது தொலைவில் தார்ச்சாலை முடிகிறது. அங்கே ஒரு புளியமரம். அதனடியில் ஒரு சுமைதாங்கிக் கல். மிதிவண்டியை மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, பையைக் கல்லின்மேல் ஏற்றி, திரும்பி நின்று தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குவார். நடுவே ஓர் ஓடை. பாலம் கிடையாது.

அவர் ஆறாண்டுகள் சுமந்த பை அவருக்காகத் தைக்கப்பட்டதன்று. அவர் கணவர் டென்னிஸ், தம் இளமையில் பன் விற்றவர். விடியலில் கள்ளக்குறிச்சி அடுமனையில் சூடாக வாங்கி, அடிவாரம்வரை மிதித்து, பின் மலையேறி விற்றுவிட்டு, மாலையில் வெறும் பையோடு சீட்டியடித்துக்கொண்டு இறங்குவார். அதற்கென அவரே கித்தான் துணியில் ஒரு பை தைத்திருந்தார். கேரியரின் இருபுறமும் தொங்கும் இரண்டு அறைகள். நடுவே அகன்ற பட்டை. சுமைதாங்கிக்கு வந்ததும் அதுவே தோள்பையாகிவிடும். திருமணமான புதிதில் எஸ்தரையும் சில நாள் முன்கம்பியில் உட்காரவைத்து அடிவாரம்வரை அழைத்துச் சென்றதுண்டு. முன்னே மனைவி, பின்னே நூற்றிருபது பன், நடுவே தாம் என்று அந்நாளை அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சூடு பையின் வழியே வந்து தம் கையைத் தொட்டதை எஸ்தரும் மறக்கவில்லை.

டென்னிசின் முழங்கால்கள் தேய்ந்தன. பன் வியாபாரம் நின்றது. பை பரணுக்குப் போயிற்று. எஸ்தருக்கு மருந்துப்பணி கிடைத்தபோது அதனை இறக்கித் துவைத்து, அறைகளுக்குள் நெகிழித்தாள் வைத்து எடுத்துக்கொண்டார். மலையில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பையைக் கண்டதும், "பன்னுக்காரரு வூட்டம்மா வராங்க" என்பார்கள்.

சென்ற புரட்டாசியில் அந்தப் பையின் பட்டை ஓடையின் நடுவே அறுந்தது. மாத்திரைகளை எஸ்தர் எட்டிப் பிடித்துவிட்டார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. மேற்பார்வை அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. வேறு கருவி தந்தார். ஆனால் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி நனைஞ்சா மலைக்குக் கருவி குடுக்க மாட்டாங்க எஸ்தர். அப்புறம் அவங்கதான் கீழ எறங்கி வரணும்."

கீழே இறங்கி வருவது யார்? எஸ்தர் நினைவில் முதலில் தோன்றியவர் ஆயம்மாள். எழுபதைக் கடந்தவர், இறங்கினால் மீண்டும் ஏற இயலாதவர். புளியமரத்தடிச் சுமைதாங்கி அந்த ஆயம்மாளுடைய தாயின் நினைவாக நட்டது. கருவுற்ற நிலையில் வலி கண்ட அப்பெண்ணைப் போர்வையில் தூளி கட்டிச் சுமந்து இறங்கினார்களாம். புளியமரத்தடிக்கு வருமுன் உயிர் பிரிந்தது. இறக்கி வைக்கமுடியாத சுமையோடு இறந்தவள் பெயரால், வழிச்செல்வோர் தம் சுமையை இறக்கி வைக்க ஒரு கல் நடுவது இந்நாட்டு வழக்கம். மாதந்தோறும் அக்கல்லில்தான் எஸ்தரின் பை முதுகுக்கு மாறுகிறது. மருந்து மேலே ஏறாமற்போன காலம் ஒன்று இருந்தது என்பதை அவருக்கு வேறெவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, ஐப்பசி பிறந்து மழை இறங்கிய பின், முதற் செவ்வாய்க்கு மூன்று நாள் முன்னர், கணவனும் மனைவியும் பேருந்தேறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். மிதிவண்டிக் கடை கண்ணாயிரத்துடையது. டென்னிசின் பன் காலத்து நண்பர்.

"கேரியர்ல மாட்டணும், அப்படியே கழட்டி முதுகுலயும் மாட்டணும். அந்த மாதிரி பை இருக்குதா அண்ணே?" என்றார் எஸ்தர்.

"இப்பதான் ரெண்டு வகை வந்துகிது. பசங்க காலேஜுக்கு வாங்கிக்கினு போறாங்க" என்று கண்ணாயிரம் இரண்டையும் எடுத்து வைத்தார்.

முதற்பை சாம்பல் நிறம். முதுகுப் பக்கம் பஞ்சு வைத்தது. கேரியரில் மாட்டும் கொக்கிகளை ஓர் உறைக்குள் மறைத்துவிடலாம். வாயை ஜிப் மூடியது. மற்றது கறுப்பு, ரப்பர் பூசிய துணி. வாயை மும்முறை சுருட்டிக் கொளுவ வேண்டும். கொக்கிகளும் தோள்வார்களும் ஒரே பக்கத்தில், மறைப்பின்றி இருந்தன.

டென்னிஸ் சாம்பற்பைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார்.

"எண்பது பன்னு தாராளமா புடிக்கும். இதையே எடுத்துக்க."

"நான் பன்னு விக்கப் போவலங்க."

"அளவு சொன்னேன்டி. அந்தக் கறுப்ப முதுகுல மாட்டிப் பாரு, கொக்கி முள்ளு மாதிரி குத்தும்."

மாட்டிப் பார்த்தார். குத்தியது. தோள்பட்டைக்குக் கீழே, இரண்டு இடத்தில். சாம்பற்பையையும் மாட்டினார். தலையணையில் சாய்ந்ததுபோல் இருந்தது. டென்னிஸ் வென்றவர்போல் கண்ணாயிரத்தைப் பார்த்தார்.

எஸ்தர் கடையில் கிடந்த பழைய செய்தித்தாளை இரண்டாகக் கிழித்து, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒவ்வொரு துண்டை வைத்து மூடினார். பஞ்சர் பார்க்கும் தொட்டியருகே இரண்டையும் கொண்டுபோய் வைத்தார்.

"அண்ணே, ஒரு சொம்பு குடுங்க."

"எதுக்கு?"

"ஊத்திப் பாக்கத்தான்."

"யம்மா, அது பைம்மா! கத்தரிச் செடி இல்ல, தண்ணி ஊத்தறதுக்கு!"

"ஓடையில வுழுந்தா அது என்னைக் கேட்டுக்கினா நனையும்?"

கண்ணாயிரம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் சொம்பை எடுத்துத் தந்தவரும் அவரே. பைக்கு ஐந்து சொம்பு ஊற்றினார் எஸ்தர். திறந்து பார்த்தபோது, சாம்பற்பையின் தாள் ஜிப்பின் நீளத்துக்கு ஈரக்கோடு வாங்கியிருந்தது. கறுப்புப் பையின் தாள் மொரமொரப்பாக வெளிவந்தது.

"மழ பேஞ்சா போவாத, அவ்ளோதான். நான் போனனா? மழயில என்னிக்காச்சும் பன்னு மலையேறிச்சா?" என்றார் டென்னிஸ்.

அவர் சொன்னது மெய். இருபதாண்டுகள் அவர் மழைநாளில் மலையேறியதே இல்லை. நனைந்த பன்னை வாங்குவோர் இல்லாததால், நனையாத பையை அவர் எண்ணிப் பார்க்க நேர்ந்ததில்லை. தம் தொழிலின் அளவுகோலால் மனைவியின் தொழிலை அளந்தார்.

"பன்னு வரலன்னா அவங்க களியத் தின்னுட்டுப் படுத்துக்குவாங்க. மாத்திர வரலன்னா இன்னாத்தத் தின்னுவாங்க?"

"முதுகுல குத்துதேடி."

"குத்தனா என் முதுகுலதான குத்துது" என்று சொல்லிக் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் டென்னிஸ் கறுப்புப் பையின் கொக்கிகளை விரலால் அளந்துகொண்டே வந்தார். இன்னும் குறை தேடுகிறார் என்று எஸ்தர் எண்ணினார். வீடு வந்ததும் அவர் பரணிலிருந்து பட்டையறுந்த கித்தான் பையை இறக்கினார். நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டினார். கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலும் தேடி எடுத்தார். கறுப்புப் பையை மடியில் வைத்ததும் எஸ்தர் அலறிவிட்டார்.

"ஊசி பைமேல பட்டா ஓட்டையாப் பூடுங்க!"

"எனக்குத் தெரியாதா? நீ போயி ஒலைய வையி."

பையின் உடலை அவர் தொடவேயில்லை. தோள்வார்கள் பிறக்கும் நாடாவிலும், வாய்க்கு மேலிருந்த பட்டையிலும் மட்டுமே கித்தான் துண்டை ஒரு மடலாகத் தைத்தார். இரண்டு நாள் ஆயிற்று. மிதிவண்டியில் மாட்டும்போது கித்தான் மடல் சக்கரத்துக்கும் பைக்கும் இடையில் தொங்கித் தோள்வாரில் சேறு படாமல் காக்கும். கழற்றித் தோளில் ஏற்றும்போது அதையே மேலே மடித்துக் கொளுவினால் கொக்கிகள் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். அந்த யோசனை கடையில் விற்கும் எந்தப் பையிலும் இல்லை. இருபதாண்டு பன் சுமந்த முதுகுக்கே அது தெரியும்.

செவ்வாயன்று விடியுமுன்பே மழை. எஸ்தர் புளியமரத்தடியில் பையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்து, மடலை மடித்து, திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். குத்தவில்லை. ஓடை இடுப்பளவு ஓடியது. நடுவழியில் ஒரு கால் வழுக்கிற்று. முதுகும் பையும் முழுவதும் நனைந்தன. எழுந்து நடந்தார்.

ஆயம்மாள் வாசலில் குடையோடு நின்றிருந்தார். பையைப் பார்த்து முதலில் அடையாளம் தெரியவில்லை. எஸ்தர் திரும்பியதும் முதுகுப் பக்கத்துக் கித்தானைக் கண்டுகொண்டார்.

"பன்னுக்காரரு வூட்டம்மாவா! இந்த மழயில எங்க வரப்போறன்னு பாத்தேன்."

"செவ்வாய்க்கெழம வரேன்னுதானம்மா சொன்னேன்."

சுருட்டிய வாயைத் திறந்தார். கருவி உலர்ந்திருந்தது, பொத்தானை அழுத்தியதும் விழித்துக்கொண்டது. ஆயம்மாளின் அழுத்தம் அளவோடு இருந்தது. மாத்திரைகளை எடுக்கும்போது, அடியில் தாம் வைக்காத ஒரு பொட்டலம் கையில் பட்டது. பிரித்தார். ஆறு பன்கள். ஒன்றும் நனையவில்லை.

ஆயம்மாள் ஒன்றை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "அவரு வரலியா?"

"மொழங்காலு வுடல. மழயில பன்னு ஏறுதான்னு பாக்க அனுப்பிகிறாரு."

அதன்பின் மருந்து மலையேறுவது நிற்கவில்லை. மாதந்தோறும் முதற் செவ்வாயில் அந்தப் பை கேரியரிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து முதுகுக்கும் மாறிக்கொண்டிருக்கிறது.

பிறர் வாசலில் சொன்ன நாள் தவறாமல் நிற்கும் எஸ்தரின் சொந்த வாசலில் நலங்கள் யாவும் நாள் தவறாமல் வந்து நிற்பனவாகுக. டென்னிசின் முழங்கால்கள் நோவு தணிக. அவ்வீட்டு உலை நேரத்தோடு கொதிக்க, கூரை ஒழுகாதிருக்க, இருவர் சுமையும் இறக்கிவைக்கும் உயரத்தில் எந்நாளும் ஒரு கல் நிற்க. எல்லாம் வல்லவன் அந்த இல்லத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காப்பானாக.