கடுவன் கத்திய ஒன்றரை நாள்

அன்று வீட்டில் இருந்தது நான், இரண்டு கறவை மாடுகள், எங்கள் கடுவன் பூனை, அவ்வளவுதான். அம்மாவும் அப்பாவும் உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தங்கை கோயமுத்தூரில் ஸ்கூல் ஹாஸ்டலில். மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் இங்கே, கேரள எல்லை மீனாட்சிபுரத்திலேயே தங்கிவிட்டேன். போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு சனி, ஞாயிறு.

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழும் படிக்க வராது, மலையாளமும் படிக்க வராது. பஞ்சாயத்திலிருந்து வரும் கடுதாசியை நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. மருந்துச் சீட்டு, மாட்டுத் தீவன மூட்டை மேல் இருக்கும் எழுத்து எல்லாமே நான்தான். அதனால் நான் ஒன்று சொல்லிவிட்டால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

பூனை விஷயமும் அப்படித்தான் ஆனது. கடுவன் சமையல் மேடையில் ஏறிப் பால் குண்டாவை உருட்டும். அப்பா விறகுக் குச்சியை எடுத்து வீசுவார். அடித்தால் பூனைக்கு நம்மைப் பார்த்துத்தான் பயம் வரும், புத்தி வராது என்று போனில் படித்திருந்தேன். குச்சியை வாங்கி ஒளித்துவைத்தேன். மேடையில் ஏறினால் சத்தம் போடாமல் தூக்கிக் கீழே விடுவது, கீழே உட்கார்ந்தால் உடனே ஒரு நெத்திலிக் கருவாடு. கட்டில் காலைப் பிறாண்டாமல் இருக்க, ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிப் பக்கத்தில் நட்டுவைத்தேன். நம்பமாட்டீர்கள், ஒரு மாதத்தில் ஆள் அடங்கிவிட்டது. அப்பா சொசைட்டியில் போய், "என்ற பையன் பூனைக்கே வாத்தியாராயிட்டானுங்க" என்று சொல்லிச் சிரித்தாராம். எனக்கு அது கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. மடித்துவைத்த துண்டின் மேல் கொஞ்சூண்டு மூத்திரம். மறுநாள் என் சட்டையின் மேல். அப்புறம் அம்மாவின் பாயில். எல்லாமே சொட்டுச் சொட்டாக. அப்பா, "குச்சியக் குடுறா" என்றார். நான் தரவில்லை. மறுபடியும் படித்தேன். பூனையைச் சின்ன அறையில், மூத்திரம் போக ஒரு மணல் தட்டோடு அடைத்து வைக்க வேண்டும். கத்தினால் திறக்கக் கூடாது. திறந்தால், கத்தினால் காரியம் நடக்கும் என்று பழகிவிடும். அமைதியானதும் திறந்து கருவாடு தர வேண்டும்.

சனிக்கிழமை காலை அவர்கள் பஸ் ஏறியதும், கடுவனைத் தூக்கித் தீவன ரூமில் விட்டேன். மணல், தண்ணீர், சோறு, படுக்கச் சாக்கு எல்லாம் வைத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திண்டில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் அம்மா போன் செய்தபோது அந்தச் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

"ஏஞ்சாமி, அது ஏன் அப்படி அழுவுது?"

"பழக்கறனுங்மா. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்."

"சரி கண்ணு, நீ படிச்சுத்தான செய்வே" என்று வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை ஒருச்சாய்த்துப் பார்த்தேன். மணல் காய்ந்தே கிடந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. சோறும் அப்படியே. கடுவன் மூலையில் குத்துக்காலிட்டு என்னையே பார்த்தது. வீம்பு பிடிக்கிறது என்று நினைத்தேன். பார்ப்போம், நீயா நானா என்று அதனிடமே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

மத்தியானம் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். பாடம் படிந்துவிட்டது என்று கருவாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

கடுவன் சாக்கின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் நுரையாக வாந்தி. கூப்பிட்டேன், தலையைக்கூடத் தூக்கவில்லை. வயிற்றைத் தொட்டேன், கல் மாதிரி இருந்தது. தொட்ட வலியில் எழுந்து, முதுகை வளைத்து, பின்னங்கால் நடுங்க முக்கியது. ஒரே ஒரு சொட்டு விழுந்தது. ரத்தம்.

அந்த நிற்பை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். முந்தின வருஷம் எங்கள் ஆட்டுக்கிடாய்க்கு நீரடைப்பு வந்தபோது அது இப்படியேதான் நின்றது. இரண்டாம் நாள் செத்துப்போனது. தினமும் விடிந்ததும் மாடு மூத்திரம் போனதா, சாணி எப்படி இருக்கிறது என்று பார்க்கிற வீடு எங்களுடையது. அதை ஒரு பூனைக்குப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கருவாடு என் கையிலேயே இருந்தது.

ஞாயிறு என்பதால் மிருகாசுபத்திரி பூட்டியிருந்தது. ரோட்டில் வந்த ஒரு ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினேன். முன்பின் தெரியாதவர். துண்டில் சுற்றியிருந்ததைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பொள்ளாச்சிப் பக்கம் திருப்பினார். வழி முழுக்க, "மூச்சு இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம் வந்து, அதன் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

ஞாயிறும் திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்கில், வயிற்றைத் தொட்டதுமே டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"மூத்திரம் போய் எவ்வளவு நேரமாச்சு?"

"நேத்துக் காலைல இருந்தே இல்லைங்க."

"கத்தியிருக்குமே?"

"கத்துச்சுங்க."

மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாயை விட்டு எடுத்தார். வந்தது மூத்திரமா ரத்தமா என்று தெரியாத நிறத்தில் இருந்தது. கை கழுவும்போதுதான் சொன்னார்: ஆண்பூனைக்குக் குழாய் மெலிசு, அடைப்பு வருவது சகஜம். துண்டிலும் பாயிலும் போனது சேட்டை இல்லை. எங்கே உட்கார்ந்தால் வலியில்லாமல் போகும் என்று இடம் தேடியிருக்கிறது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருக்கவே வேண்டாம்.

நான் போனில் சொல்லியிருந்ததால், உடுமலையிலிருந்து திரும்பிய அம்மாவும் அப்பாவும் பொள்ளாச்சியிலேயே இறங்கி நேராக அங்கே வந்தார்கள். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கடுவனையே பார்த்தபடி, "குச்சிய வீசியிருந்தா வெளிய ஓடியாவது போயிருக்கும்" என்றார். பிறகு, "நானுந்தான் உன்னைக் கேக்காம உட்டுட்டேன்" என்றார். அம்மா, "அழுவுதேன்னு கேட்டனே சாமி" என்றதோடு சரி. மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று அப்பா மட்டும் பஸ் பிடித்துப் போனார்.

கடுவன் பிழைத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இப்போதும் குச்சி கிடையாது. கருவாடும் கயிற்றுக் கட்டையும்தான். ஆனால் மாட்டுச் சாணி வழிக்கப் போகும் முன்னால் மணல் தட்டு நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாலு இடத்தில் தண்ணீர் வைக்கிறோம். தீவன ரூமுக்குள் மட்டும் அது இன்றுவரை கால் வைப்பதில்லை. அங்கே எலிகளுக்குக் கொண்டாட்டம். மூட்டையை ஓட்டை போடுகின்றன. ஒன்றும் சொல்வதற்கில்லை.

அம்மா இப்போதும் எதுவானாலும், "நீ படிச்சுச் சொல்லு கண்ணு" என்றுதான் கேட்கிறார்கள். படித்துச் சொல்கிறேன், ஆனால் எந்த உயிர் கத்தினாலும் முதலில் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்துவிடுகிறேன். அந்த ஒரு பழக்கம் எனக்கு வருவதற்கு, ஆட்டோக்காரர் வாங்கிய பாதி வாடகையையும் சேர்த்து, எங்கள் வீட்டுக்கு ஆன செலவு ஏழாயிரத்து நானூறு ரூபாய்.