பத்து முதல் பதினொன்று வரை

என் மனைவியின் தம்பி எழுமலையில் விவசாயம் பார்க்கிறான். மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க மதுரைக்கு வந்தவன், என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“மாமா, இந்த வாட்சுல சார்ஜ் எம்புட்டு நாளு நிக்குது? வாங்கலாமா, வேணாமா?”

அவன் மனைவிக்கு ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று தலைசுற்றி மயக்கம் வருகிறது. அவன் தோட்டத்தில் இருப்பான். போன் வேட்டி மடிப்பில் கிடக்கும். மோட்டார் ஓடும் சத்தத்தில் மணியடிப்பது கேட்காது. “கையில அதிர்ந்தாத் தெரிஞ்சிரும்ல” என்றான்.

“பெட்டியில ஏழு நாள்னு போட்டிருந்துச்சு. நிசமா எவ்வளவு நிக்குதுன்னு எழுதி வச்சிருக்கேன். பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

கட்டிலில் இருந்த என் மனைவி சிரித்தாள். “ஒத்தக் கேள்விக்கு ஒரு நோட்டு எழுதித் தருவாகடா ஒங்க மாமா. அதுக்குள்ள நீ வாட்சு வாங்கி, அது பழசாகி, தூக்கியே போட்டுருப்ப.”

அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கடிகாரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எப்போது சார்ஜில் போட்டேன், எப்போது எடுத்தேன், எத்தனை மணி நேரம் தாக்குப்பிடித்தது என்று ஒரு நாள்கூட விடாமல் குறித்து வந்திருந்தேன். மழை பெய்தால் எழுதுவேன், வைகையில் தண்ணீர் வந்தால் எழுதுவேன். அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதினேன்.

கடிகாரம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு முந்திய வைகாசியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கும் அளவுக்குத் தேறினாள். ஆனால் எழுந்திருக்கவும் உட்காரவும் ஆள் வேண்டும். வீட்டில் இருக்கும் ஆள் நான் ஒருவன். எனக்கோ இரண்டு காதும் போய்ப் பல வருடமாகிவிட்டது. கருவி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் பேச்சு புரியும். அடுத்த அறையிலிருந்து வரும் குரல் எனக்கு இல்லாத குரல்.

சென்னையில் இருக்கும் மகன் அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போவதாகச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். “ஏழாவது மாடியில ஒக்காந்து நான் யாரைப் பாக்க? காக்கா குருவிகூட அம்புட்டு ஒசரம் வராதுடா.” அவளுக்கு நரிமேட்டில் எங்கள் வீட்டு வாசல் வேண்டும், தெருவில் போகிறவர்கள் நின்று நலம் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஆடி மாதத்தில் மகன் இந்த ஏற்பாட்டைச் செய்தான். அம்மாவின் கழுத்தில் ஒரு பட்டன் போனைக் கயிற்றில் தொங்கவிட்டான். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் என் போனுக்கு அழைப்பு வரும். உடனே என் மணிக்கட்டில் கடிகாரம் அதிரும். அதிர்வை முழு வேகத்தில் வைத்துவிட்டு, நடந்த அடிகளை எண்ணுவது, தூக்கத்தை அளப்பது எல்லாவற்றையும் அணைத்தான், சார்ஜ் மிச்சமாகட்டும் என்று. கிளம்பும்போது என் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“அப்பா, அம்மா ஒரே ஒரு தடவை கூப்பிட்டு நீங்க வராமப் போனா, அப்புறம் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன். கூட்டிட்டுப் போயிருவேன்.”

சரி என்றேன். இருபது மாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

புதிதில் சார்ஜ் இரண்டு நாள் முழுதாக நின்றது. அவள் ஒரு நாளில் இருபது தடவைக்குக் குறையாமல் அழைப்பாள். ஒவ்வொரு அதிர்வும் கொஞ்சம் தின்னும். ஒரு வருடம் கழிந்தபோது ஒன்றரை நாளானது. பிறகு தினமும் போட்டே தீர வேண்டும் என்று வந்துவிட்டது. முழுதாக ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம் நான் செவிடன்.

அதற்காக ஒரு முறை வகுத்தோம். வீட்டுவேலைக்குக் கோரிப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா காலை ஒன்பதரைக்கு வந்து பதினொன்றரைக்குப் போவார். அவர் இருக்கும் நேரத்தில், பத்திலிருந்து பதினொன்று வரை, கடிகாரம் சார்ஜில் இருக்கும். மனைவி கூப்பிட்டால் அவர் போவார். அவர் வராத நாளில், அதே பத்து மணிக்கு, நான் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பதினொன்று அடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். “பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி என்ன இப்பிடி முழிச்சுக்கிட்டு இருக்கீக” என்பாள்.

பழைய அரண்மனைகளில் நாழிகை வட்டிலைப் பார்த்துக்கொள்ளவென்றே ஆட்கள் இருந்ததாகப் படித்திருக்கிறேன். நீர் சொட்டி முடிவதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்கு அது ஒன்றுதான் வேலை. அதைப் படித்தபோது அந்த வேலையில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

பங்குனியில் ரமலான் வந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் மாலை ஏழு மணி சுமாருக்கு மணிக்கட்டு அதிர்ந்தது. வேலைக்கு வரும் அம்மாவின் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். பிறை தெரிந்துவிட்டது, நாளைக்குப் பெருநாள், அம்மா வரமாட்டார்கள். நான் நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். “நாளை ரமலான். வேலைக்கு ஆள் இல்லை. பத்து மணிக்கு எதிரே உட்கார வேண்டும்.” என் கையெழுத்தில் அது இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கடிகாரத்தைக் கழற்றி, கூடத்து அலமாரியில் போனுக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டேன். மனைவி கண்மூடிப் படுத்திருந்தாள். நான் முன்னறைக்குப் போய், உள்வாசலுக்கு முதுகு காட்டி மேஜையில் உட்கார்ந்தேன். மைத்துனன் மறுபடி கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். இருபது மாதக் குறிப்புகளையும் கூட்டி, மாதத்துக்கு ஒரு வரியாகச் சுருக்கி, அவனுக்குத் தெளிவாக ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வருடக் கார்த்திகையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடைமழை நாட்களில் சார்ஜ் சீக்கிரம் இறங்கியதா, அல்லது குளிருக்கு அவள் அதிகம் அழைத்தாளா என்று. அதைப் பிரித்துப் பார்ப்பதில் முனைந்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது ஒரு கணம்கூட நினைவுக்கு வரவில்லை. பத்து மணி என்றால் வீட்டில் அந்த அம்மா இருப்பார் என்று என் கை நம்பியது, நானும் நம்பினேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அந்த அம்மா, புதுச் சேலையில். காதில் கருவி இல்லை, அவர் வாய் அசைவதில் “அக்கா” என்பது மட்டும் தெரிந்தது. எங்களுக்குப் பெருநாள் சாப்பாடு கொண்டுவந்தவர், மனைவியின் குரல் கேட்டு, டிபன் கேரியரை வாசற்படியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார்.

குளியலறை வாசலில் வாக்கர் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள, என் மனைவி கிடந்தாள். தானாகப் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்திருக்கிறாள், அழைத்தும் நான் வராததால். சேலை நனைந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்தாள்.

இருவருமாகத் தூக்கினோம். அவளைக் கழுவித் துடைத்து உடை மாற்றியது எல்லாம் அந்த அம்மாதான், புதுச் சேலையோடு. என்னை வெளியே இருக்கச் சொன்னார். முடித்துவிட்டு வந்து, நான் கருவியை மாட்டும்வரை காத்திருந்து சொன்னார்.

“அண்ணே, நான் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு வேலை இல்லை என்றாலும் மதியம் வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் சொன்னார். தோளிலும் இடுப்பிலும் ரத்தம் கட்டியிருந்தது. அன்று மாலை போனை எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்புகள் பதினான்கு. முதல் அழைப்பு பத்து பன்னிரண்டுக்கு. கடைசி பத்து நாற்பத்தொன்பதுக்கு. ஒவ்வொன்றுக்கும் நேரம் பதிவாகியிருந்தது. என்னைவிடச் சரியாக எழுதி வைத்திருந்தது அந்தப் போன். முதல் எட்டு அழைப்புகள் அடுத்தடுத்து. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே ஒன்பது நிமிடம் ஒன்றுமே இல்லை.

நான் கேட்டிருக்கக் கூடாது. மூன்றாம் நாள் கேட்டேன்.

“நடுவுல ஒன்பது நிமிஷம் நீ கூப்பிடவே இல்லையே. மயக்கமா இருந்துச்சா?”

“மயக்கமெல்லாம் இல்ல. நல்ல நெனப்போடதான் கெடந்தேன்.”

“அப்புறம்?”

“கூப்பிட்டா மட்டும் வரவா போறாகன்னு விட்டுட்டேன்” என்றாள். அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு, “பையன்கிட்டச் சொல்ல வேணாம். இத எழுதவும் எழுதாதீக” என்றாள். அன்றைய பக்கத்தில் நான் ரமலான் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இதை இப்போது எழுதுவதற்கு அவளிடம் கேட்டுவிட்டேன். “எழுதுங்க. அந்த ஒம்பது நிமிசத்தையும் சேத்து எழுதுங்க” என்று பதில் வந்தது.

மகனிடம் சொல்லாமல் ஆறு நாள் ஓடியது. வீடியோவில் பேசும்போது அவள் வலது தோளை மட்டும் காட்டிப் பேசினாள். இருவரும் சேர்ந்து ஒரு பொய்யைக் காத்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. அவள் இன்னும் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள், வேலைக்கார அம்மா வீட்டில் இருக்கும்போதே, மனைவியின் அருகில் நின்றுகொண்டு கடிகாரத்தின் வாரைக் கழற்றினேன். அவள் என் கையையே பார்த்தாள். வலது கை கட்டில் கம்பியைப் போய்ப் பிடித்தது. விழப்போகிறவர் பிடிக்கிற பிடி. அவள் படுத்திருந்தாள், விழுவதற்கு ஒன்றும் இல்லை. நான் மறுபடி மாட்டினேன், பிடி தளர்ந்தது. தான் அப்படிச் செய்தது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று மாலை மகனுக்கு நடந்ததை முழுதாக எழுதி அனுப்பினேன். நேரங்களைச் சேர்த்தே எழுதினேன்.

சனிக்கிழமை காலை வந்து இறங்கினான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. காப்பி குடித்தான். அம்மாவின் தோளை விலக்கிப் பார்த்தான். நான்தான் பேசினேன். “ரெண்டு வாட்ச் வாங்கிருவோம். ஒண்ணு சார்ஜ்ல இருக்கும்போது இன்னொண்ணு கையில இருக்கட்டும்.”

“ரெண்டு வாங்குனா ரெண்டையும் கழத்தி வச்சுட்டு நோட்டு எழுதுவாக” என்றாள் மனைவி. அவள் மட்டும் சிரித்தாள்.

மகன் கட்டிலோரம் உட்கார்ந்து அவளிடம் ஏதோ கேட்டான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் தெரிந்தது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உதடு அசைந்தது. “வாரேன்.”

நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “நானும் வரேன்” என்றேன்.

“நீங்க பையப் பைய வாங்க” என்றாள், என் கையைத் தட்டிக்கொடுத்து. “கொஞ்ச நாளைக்கு நான் பயமில்லாமத் தூங்கிக்கிறேன்.”

மறுநாள் காலை ரயிலில் கிளம்பினார்கள். சக்கர நாற்காலியிலிருந்து அவளை ரயிலில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

சித்திரையில் மைத்துனன் வந்தான். நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுதிய பட்டியல் மேஜையிலேயே கிடந்தது, கொடுக்கவில்லை. வாயால் சொன்னேன்.

“வாங்கு. எத்தனை நாள் நிக்கும்னு கடைக்காரன்கிட்டக் கேக்காத. என்ன சொன்னாலும் ஒரு வருஷத்துல பாதியாயிரும். அது சார்ஜ்ல கிடக்கிற நேரத்துல உன் பொண்டாட்டி பக்கத்துல யாரு இருப்பான்னு மொதல்ல முடிவு பண்ணு. ஆள் இல்லேன்னா வாங்காத.”

அவன் யோசித்தான். “அந்நேரம் பக்கத்துல ஆளு இருக்க முடியும்னா, எந்நேரமும் இருந்துருவாகளே மாமா. அப்புறம் வாட்சு எதுக்கு?”

“மிச்ச இருபத்து மூணு மணி நேரத்துக்கு. அந்த இருபத்து மூணுல அது ஒரு தடவைகூட ஏமாத்தல.”

அந்த வாரமே வாங்கிவிட்டான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது சார்ஜில் போட்டுவிட்டு, மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்திருந்துவிட்டுப் போகிறானாம். இதுவரை சிக்கல் இல்லை.

சென்னையில் என் மனைவி இப்போது வாக்கரோடு பன்னிரண்டு அடி நடக்கிறாள். தினமும் காலையில் மகன் செய்தி அனுப்புகிறான், நான் நாளைக் குறித்து எழுதிக்கொள்கிறேன். திரும்பி வருவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு மூன்று தடவை கேள்வியை எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் இல்லை. அனுப்பிய பிறகு, பதில் வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அதுதான்.