கழி தெரியக் கூடாது

என் சென்னை வீட்டு மேசையில் ஒரு பறி இருக்கிறது. பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளப் பனை ஓலையில் முடைந்த சின்னக் கூடை. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஓலை நைந்து, பல் பதிந்திருக்கும். என் அத்தையின் பல். பழவேற்காட்டு ஏரியில் மார்பு நனையத் தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்குக் கூடையைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. பல்லால்தான் கடித்துக்கொள்வார்கள். நான் எடுத்த முதல் படம் அவர்களைப் பற்றியது. என் அப்பாவின், நாங்கள் நைனா என்போம், தங்கை என்பதால் அத்தை கூச்சப்படாமல் கேமரா முன்னால் வந்தாள்.

ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். எந்த ஊருக்கு எந்தப் பாடு, யாருக்கு என்றைக்கு முறை என்பதெல்லாம் ஆண்கள் கூடிப் பிரித்துக்கொள்வது. பெண்களுக்கு முறையே கிடையாது, கரையோரம் தடவிக்கொள்ளலாம். கரையோரத்தில் இறால் எங்கே இருக்கிறது? அதனால் அத்தையும் அவள் கூட்டாளிகள் நால்வரும், படகுகள் திரும்பிய பிறகு, பக்கத்து ஊர்ப் பாட்டுக்குள் சத்தமில்லாமல் இறங்குவார்கள். அங்கே என்னையும் கூட்டிப்போனாள். அந்த ஊரின் எல்லைக் கழிகளில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதைக் காட்டி, "மூஞ்ச எப்டி வேணா எடுத்துக்கோ பாப்பா. கழி மட்டும் தெரியக் கூடாது" என்றாள். நான் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு எடுத்தேன். காலை வெயில், வாயில் பறியோடு அத்தை, பின்னால் சிவப்புத் துணி பறக்கும் கழி. அந்த ஷாட் இல்லாமல் படமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. பட்டணத்தில் பார்க்கிறவர்களுக்குக் கழி எது, துடுப்பு எது என்று தெரியவா போகிறது? அந்தக் கணக்கு சரிதான். படத்துக்குப் பரிசுகூடக் கிடைத்தது. அந்தப் பெருமை தாங்காமல், யாரும் கேட்காமலே ஊருக்குக் கொண்டுவந்து, வலை பின்னும் கூடத்தில் திரை கட்டிப் போட்டேன். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அந்த ஷாட் வந்ததும் அவர்களில் ஒருவர், "இது நம்ம பாடுதான?" என்றார், மெதுவாகத்தான். அடுத்த வாரமே இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, இனிப் பெண்கள் கரையோரம் தாண்டக் கூடாது என்று முடித்துவிட்டார்கள்.

அத்தை இப்போது வேனில் ஏறி மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் பெருக்கப் போகிறாள். கூட்டாளிகள் நால்வரும் என்னிடம் பேசுவதில்லை. அத்தையும் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ பறியை என் கையில் கொடுத்து, "எனக்கு இனிமே எதுக்கு, நீ வெச்சிக்கோ. படம் நல்லாதான் கீது. நீ இன்னா, தெரிஞ்சா பண்ண?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன்.

இன்றும் படம் போடும் ஊருக்கெல்லாம் பறியை எடுத்துப்போகிறேன். பல் பதிந்த இடத்தை உயர்த்திக் காட்டினால் கைதட்டுகிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் அந்த ஷாட்டை நான் வெட்டவில்லை. வீட்டுக்கு வந்து பறியை மேசையில் வைக்கும்போது, தெரிந்துதான் செய்தேன் அத்தை என்று அதனிடம் சொல்கிறேன். அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.