புண்ணில் விழுந்த விபூதி

தொம்மலூரில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய யாரைக் கேட்டாலும் ஜோவிதா சிஸ்டரைத் தெரியும். ஆஸ்பத்திரி வேலையை விட்டபின், ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. உள்ளே வந்ததும் ஃபேனை நிறுத்துவாள், ஜன்னலைச் சாத்துவாள், முகமூடி மாட்டுவாள், முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். காபி நீட்டினால், "முதல்ல புண்ணு, அப்புறம் காபி" என்பாள். ராங்கி பிடித்தவள் என்று பேர். அவளுக்கா கவலை? புண் ஆறினால் போதும், பேர் எப்படி நாறினால் என்ன!

அந்த ராங்கிக்கும் அப்பாதுரை வீட்டில் சோதனை வந்தது. அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். வயிற்றில் பெரிய ஆபரேஷன். போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. சீழ் வைத்தால் தையலைத் திறந்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதைத் தாங்க மனுஷனுக்கு உடம்பில் தெம்பு கிடையாது.

அன்று பழைய கட்டைப் பிரித்து, கை கழுவி, புதுக் கையுறை மாட்டி, தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஜோவிதா. ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. துடைத்த பஞ்சு திரும்பப் புண்ணுக்கு வரக்கூடாது. அப்பாதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் மனைவி யசோதாவுக்கு மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டாள். சாமி படத்துக்குக் கீழே தட்டில் குவித்திருந்த கோயில் விபூதி பறந்தது பாருங்கள்! கட்டில், விரித்துவைத்த சுத்தமான துணி, தையல், எல்லாம் வெள்ளை.

"ஐயோ அக்கா! ஃபேனை நிறுத்துங்க!"

"ஸ்வல்ப காத்து வரட்டும்னுதான் போட்டேன் சிஸ்டர்." யசோதா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். "சாமி விபூதிதானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"நெத்தியில வெச்சா நல்லதுக்கா. தையலுக்குள்ள போனா?"

பிரித்த சாமான் அத்தனையும் குப்பைக்குப் போனது. மறுபடி கை கழுவி, புதுக் கையுறை, புதுப் பொட்டலம். பொடி தெரியாமல் போகும்வரை சலைன் ஊற்றிக் கழுவிக் கட்டினாள். வாசலில் நின்றே டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "ஜுரம் வந்தாலோ, அடுத்த கட்டுல சிவந்திருந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் அவர்.

அடுத்த கட்டு மாற்றும்வரைக்கும் ஜோவிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. யசோதா மேல் அவளுக்குக் கோபமில்லை, தன் மேல்தான். ஃபேனை நிறுத்தத் தெரிந்தவளுக்கு அந்தத் தட்டை நகர்த்தி வைக்கத் தெரியவில்லையே! காலையும் மாலையும் போன் செய்து, "அண்ணாவுக்கு ஜுரம் இருக்காக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றாலும் நெஞ்சு அடங்கவில்லை.

கட்டு மாற்றும் நாள் வந்தது. ஃபேன் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்கும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள் யசோதா. சிரிக்கிற நிலைமையில் அங்கே யாரும் இல்லை.

ஜோவிதா பழைய கட்டை மெதுவாக உரித்தாள். பஞ்சு காய்ந்து வந்தது. தையல் ஓரத்தில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வாடை இல்லை. சுற்றிலும் மெல்ல அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

"என்ன சிஸ்டர், வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"நல்லா ஆறியிருக்குக்கா. ஒண்ணுமே இல்ல."

கை கழுவி, புதுக் கையுறை மாட்டியபோதுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புண்ணின் மேல் விழக்கூடாதென்று முகத்தை மட்டும் அப்பால் திருப்பிக்கொண்டாள். யசோதா முந்தானையைத் தூக்கிக்கொண்டு கண்ணைத் துடைக்க ஓடிவந்தாள்.

"தொடாதீங்கக்கா! கையுறை போட்டிருக்கேன்!"

யசோதா முந்தானையோடு அப்படியே நின்றாள். நின்ற இடத்தில் அவளும் அழத் தொடங்கினாள்.

"ஆறிடுச்சுன்னு சொல்லிட்டு எதுக்கும்மா அழறீங்க? எனக்குப் பயமாயிருக்கு!" என்றார் அப்பாதுரை.

ஜோவிதா கண்ணீரை முகமூடிக்குள் ஓடவிட்டு, ஒவ்வொரு பஞ்சாக எடுத்துத் துடைத்து, கடைசிப் பிளாஸ்திரியை ஒட்டினாள். கையுறையைக் கழற்றிப் போட்டாள். அப்புறம் போய் யசோதாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.