அவர் கேட்டது சிரித்த படம்

தொம்மலூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு இந்த ஆண்டு படியேறி வந்து, அந்த ஆட்டம் காணும் மர நாற்காலியில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் என் நன்றி. ஆண்டு முடிவில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அவ்வாண்டில் நான் எடுத்த முகங்களுள் தலைசிறந்ததை அதன் உச்சியில் பதித்து அனுப்புவது என் வழக்கம். இம்முறை கடிதம் தாமதமாகிறது. உச்சியில் படமும் இல்லை. காரணத்தைச் சொல்லாமல் நன்றியை மட்டும் சொல்லிச் செல்ல என்னால் இயலவில்லை.

மகிழ்ச்சியான நாள்கள் இருந்தன. ஆனேக்கல்லிலிருந்து பஸ் மாறி மாறி வந்த தம்பதியரின் குழந்தை, விளக்குகளை ஏற்றியதிலிருந்து அணைக்கும்வரை கண்ணே திறக்கவில்லை. "தூங்கறதையே எடுங்க சார், முழிச்சான்னா எங்க பேச்சையே கேக்க மாட்டான், உங்க பேச்சையா கேக்கப் போறான்?" என்றார் தந்தை. அலுவலகப் படத்துக்காக ஐந்து சட்டைகளை மடித்து எடுத்துவந்த ஓர் இளைஞர், ஐந்தையும் போட்டுப் பார்த்துவிட்டு, வரும்போது அணிந்திருந்த கசங்கிய சட்டையிலேயே படமெடுத்துக்கொண்டு போனார். இவர்கள் அனைவரும் கேட்டதை நான் கொடுத்தேன். ஒருவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

நான் பட்டிமன்ற மேடைகளில் வளர்ந்தவன். கல்லூரி நாள்களில் வென்ற கோப்பைகள் ஸ்டுடியோவின் அலமாரியில் இன்றும் இருக்கின்றன; வருபவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்தேன். மேடை எனக்குக் கற்பித்தவற்றுள் முதன்மையானது இது: எதிரே இருப்பவரின் நெஞ்சைத் தொடும் ஒரு கேள்வியைக் கேள், பிறகு மூன்று எண்ணும்வரை பேசாதே. அந்த மௌனத்தில் அரங்கம் உன்னுடையதாகிவிடும். கேமராவுக்குப் பின்னாலும் இதையே செய்தேன். படத்துக்காக ஒருவர் பூசிக்கொண்டு வரும் முகம் ஒரு கேள்வியில் கலைந்துவிடும். கலைந்த கணத்தில் பொத்தானை அழுத்தினால் போதும். அதை என் தனித்திறமை என்று பலரிடம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் வந்தவர், ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மழலையர் பள்ளியில் பல்லாண்டுகளாக ஆயாவாக இருந்தவர். மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். விழா மேடையில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள்.

"தம்பி, நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுங்க. எங்க வீட்ல இருக்கறதெல்லாம் ரேஷன் கார்டு மூஞ்சிதான். ஒண்ணாவது சிரிச்சு இருக்கட்டும்."

சிரிக்க வைக்க நான் ஏதும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் பள்ளிக்கு வந்து கதறும் குழந்தையை எப்படி உள்ளே அழைத்துப்போவார் என்று அவரே சொல்லத் தொடங்கினார். "அழுவாதன்னு சொன்னா இன்னும் அழும் தம்பி. நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன். ரெண்டு தடவ கை தட்டிட்டு, கைய முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சிப்பேன். சத்தம் எங்கருந்து வந்துதுன்னு அது தேடும் பாருங்க, தேடிக்கினே ஸ்கூல் கேட்டுக்குள்ள வந்துடும்!" நாற்காலியிலிருந்தபடியே தட்டியும் காட்டினார். முன்பல் ஒன்று இல்லாத அந்த வாய் திறந்து, தோள்கள் குலுங்க அவர் சிரித்ததை இருபது தடவையாவது எடுத்திருப்பேன்.

ஆனால் சிரித்த முகத்தை யாரும் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. என் கேள்வியை எடுத்தேன். மேடைக் குரலில் கேட்டேன்.

"அடுத்த வாரம் காலை எட்டு மணிக்கு, அந்தக் கேட்டில் நீங்கள் இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் யாரைத் தேடுவார்கள்?"

ஒன்று. இரண்டு. மூன்று.

உயர்ந்திருந்த கைகள் மடிக்கு இறங்கின. கண்கள் என்னைத் தாண்டி எங்கோ நின்றன. அழுத்தினேன்.

வேலையில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒரே படத்தைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை அன்று மாலையே அழித்துவிடுவேன். வாடிக்கையாளர் தெரிவு செய்யத் தொடங்கினால் கலை போய்விடும் என்பது என் கொள்கை. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பெரிய சட்டமிட்டு வைத்தேன். வாங்க வந்தவர் நெடுநேரம் பார்த்தார். "சிரிச்சது ஒண்ணும் சரியா வரலியா தம்பி?" என்றார். அது சரியாக வரவில்லை என்றாவது பொய் சொல்லியிருக்கலாம். நான் வாதிட்டேன். சிரிப்பு ஒரு நொடி, ஆழம் ஓர் ஆயுள். சிரிப்பு முகத்தை மறைக்கும், மௌனம் திறக்கும் என்று அடுக்கினேன். "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டத்தைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துப்போனார். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

டிசம்பரில் கடிதத்தின் உச்சிக்கு அந்தப் படத்தைத் தவிர வேறொன்றை நான் எண்ணவில்லை. அனுமதி கேட்க அவர் வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்த மகள், நான் யாரென்று சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா சார் அது! எங்கம்மாவ உயிரோட சாமிகிட்ட அனுப்பினவரு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். கறுப்பு வெள்ளையில், சோகமாக, பெரிய சட்டத்துக்குள் இருந்த அந்தப் படத்தைப் பள்ளியில் மேடை நடுவே ஒரு நாற்காலியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் விழாவைத் தொடங்குவதற்கான குத்துவிளக்கு. அன்போடு யாரோ அதற்கொரு மாலையும் போட்டுவிட்டார்கள்.

"அம்மா பட்டுப் புடவ கட்டிக்கினு எல்லாருக்கும் சமோசா குடுத்துட்டிருக்கு. ஒரு பையனோட அப்பா வராரு, படத்தப் பாக்கறாரு, செருப்பக் கழட்டிட்டு கையக் கூப்பி நிக்கறாரு. பக்கத்துல இருந்தவங்ககிட்ட கன்னடத்துல 'யாவாக ஆயித்து?'ன்னு கேக்கறாரு. எப்போ செத்துப் போனாங்கன்னு! குட்டிப் பசங்க படத்தப் பாத்து, ஆயா ஏன் அழறாங்கன்னு அழ ஆரம்பிச்சிடுச்சுங்க. சாதாரணமா அழற புள்ளைய ஒரு நிமிஷத்துல நிறுத்தும் எங்கம்மா. அன்னிக்கு நிறுத்த முடியல."

உள்ளிருந்து அவர் வந்தார். "வுடும்மா, தம்பி என்ன பண்ணும். வாங்க, உக்காருங்க, காபி குடிக்கிறீங்களா?" சுவரில் படம் இல்லை. பீரோவுக்குப் பின்னால் சட்டத்தின் ஒரு மூலை தெரிந்தது.

மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன்; கேமராவும் பையிலேயே இருந்தது. அவர் மறுக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்து ஜன்னலோரம் அமர்ந்தார். நான் கேமராவை உயர்த்தியதும் உதடுகள் விரிந்தன, கண்கள் சிரிக்கவில்லை. நாலைந்து முறை முயன்று அவரே கையை அசைத்தார்.

"வரல தம்பி. அந்த மிஷின பாத்தாலே நீங்க கேட்டது ஞாபகம் வந்துடுது. காலைல எட்டு மணி ஆனா கூட வந்துடுது." என்னைப் பார்த்து, "ஆமா, கேட்டீங்களே, நீங்களே சொல்லுங்க. யாரத் தேடுதுங்க?" என்றார்.

வாழ்நாளில் முதன்முறையாக என் கேள்விக்கு என்னிடம் பதில் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குப் பதில் தேவைப்படவே இல்லை. ஒரு முகம் மட்டுமே தேவைப்பட்டது. அனுமதியை நான் கேட்காமலே எழுந்தேன். எதற்கு வந்தேன் என்று வாசலில் அவரே கேட்டறிந்து, "போட்டுக்கோங்க தம்பி, உங்களுக்காவது உபயோகப்படட்டும்" என்றார். மகளின் ஏளனத்தைத் தாங்கிய என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தப் பள்ளியின் எதிர்ப்புறம் நின்றேன். காவலாளி வந்து, "நீங்க யாரோட பேரண்ட் சார்?" என்றார். யாருடைய தந்தையும் அல்ல என்றேன். சந்தேகத்தோடு அங்கேயே நின்றுகொண்டார். புதிதாக வந்திருந்த இளம் ஆயா கேட்டருகே பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராகக் குழந்தைகள் அவரிடம் ஓடினார்கள். யாரும் யாரையும் தேடவில்லை. ஒரு சிறுமி மட்டும் தாயின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கதறினாள். புதிய ஆயா இருமுறை கைதட்டிவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின் மறைத்தார். சிறுமி திகைத்து, சுற்றும் முற்றும் பார்த்தபடி உள்ளே போனாள்.

யாரும் தேடவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இனிப்பான சொற்களை ஜோடிக்க எனக்குத் தெரியும். அன்று ஜோடிக்கவில்லை. தொலைபேசியில் அழைத்து, கண்டதைக் கண்டவாறு சொன்னேன்.

மறுமுனை அமைதியாக இருந்தது. நான் எண்ணவில்லை.

"ரெண்டு தடவ தட்டினாளா?"

"ஆமாம்மா."

"கைய பின்னாடி வெச்சிக்கினாளா?"

"வைத்துக்கொண்டாரம்மா."

"நாந்தான் தம்பி சொல்லிக் குடுத்தேன் அவளுக்கு! வெக்கமா இருக்குன்னா அந்தப் பொண்ணு, மாட்டேன்னா... தட்டிட்டாளா!"

அவர் சிரித்தார். தொம்மலூர் மாடியில் கேட்ட அதே சிரிப்பு. இருபது தடவை எடுத்து, அன்று மாலையே நான் அழித்தது.