நாற்பது நிமிஷம் ஓடிய பில்டு

இன்று காலை அலுவலகத்துப் பெண் ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள்: "பழைய கம்பைலரை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. பில்டிலிருந்து எடுத்துவிடட்டுமா?" எடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழத்தோல் புளிக்கிற வாசம். அதோடு என் இன்றைய வேலை கெட்டது.

ஏற்காட்டில் எங்கள் முதல் அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடி. காப்பி உலர்த்தும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதினோம். எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது கம்பைலர்; எதை எந்த வரிசையில் மாற்றுவது என்று பார்த்துக்கொள்வது எனக்கு மூத்தவரான மல்லிகாக்கா அமைத்த பில்டு. முழுதாக ஓட நாற்பது நிமிஷம். கரண்ட் போனால் யூபிஎஸ் பதினைந்து நிமிஷம்தான் தாங்கும். அதனால், அதுவரை முடிந்தவை இருக்கிற ஃபோல்டரை யாரும் அழிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா.

பில்டு ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறெதுவும் செய்ய முடியாது. அக்காவும் நானும் ஒண்டிக்கடை முக்குக்கு நடப்போம். டீ, மிளகாய் பஜ்ஜி, கூடவே அவர் ஊரான வெள்ளக்கடையில் தம்பிகள் இருவரும் ஒரே பைக்குக்காகப் பேச்சை நிறுத்தின கதை. கதை ஒரு நாளும் முடிந்ததில்லை. எனக்கு அது ஒரு நொடிகூட அலுத்ததும் இல்லை.

சும்மா இருந்தேனா? வேகமான வேறொரு கம்பைலரையும் பில்டில் சேர்க்கக் கிளம்பினேன்.

"ஓடறத எதுக்குச் சாமி நோண்டறே?" என்றார் அக்கா. ஆனாலும் தடுக்கவில்லை.

முதல் தடவையே இரண்டு நொடியில் முடிந்தது. தலைகால் புரியாமல் கீழே போய் எல்லாருக்கும் பன் வாங்கி வந்தேன். அக்கா மென்றுகொண்டே திரையைப் பார்த்தார். "பன்னு நல்லாருக்குது. உன்ற கம்பைலரு இன்னும் வேலையே ஆரம்பிக்கல சாமி. பழசு செஞ்சு வெச்சதையே எடுத்து நீட்டியிருக்குது." அழிக்காத ஃபோல்டரின் உபயம்.

அந்த வாரமே நல்ல மழை. வாழவந்தியிலிருந்து பொன்னுசாமி என்ற விவசாயி நனைந்துகொண்டு வந்தார். அவருடைய இயந்திரம் காப்பி காய்வதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

"ஏனுங்க, இன்னைக்குக் காயலீன்னா அத்தனையும் நாத்தம் புடிச்சுருமுங்க. வருசத்துக்கும் இதொண்ணுதானுங்க."

தப்பு எங்களுடையது. திருத்தியது ஒரே வரி. ஆனால் எல்லாக் கோப்புகளும் அதை நம்பி இருந்ததால் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும். கரண்டோ காலையிலிருந்து வருவதும் போவதுமாக இருந்தது. அக்கா மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் கையாலேயே ஃபோல்டரை அழித்தார்.

"உன்றத ஓட்டு சாமி."

ஆறாவது நிமிஷம் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பொன்னுசாமி ஹெல்மெட்டை மார்போடு பிடித்தபடி நின்றார். பதினோராவது நிமிஷம் பில்டு முடிந்தது. பென்டிரைவை பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். சாயங்காலம் போன் வந்தது: "காயுதுங்க."

அதற்கப்புறம் எல்லாமே புதியதில்தான். பதினோரு நிமிஷத்தில் ஒண்டிக்கடை போய்த் திரும்ப முடியாது. இப்போது நாற்பது நொடி; நாற்காலியை விட்டு எழக்கூட வேண்டாம். அக்கா கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன.

அந்த பைக் கடைசியில் எந்தத் தம்பிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கலாம். இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.