சுவாமி பேருக்கு

1. பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை.
2. வெள்ளிக்கிழமை ஸ்காபரோ கோயிலுக்குத் தனியே போனேன்.
3. அர்ச்சனைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். முதலில் அம்மாவின் பெயரைச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்தில் நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். மிசிசாகாவில் விமான நிலைய வேலை முடித்து, வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். தட்டை நீட்டி, “சுவாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா” என்றார்.

“ஒவ்வொரு வெள்ளியும் உவருக்கு உதுதான்” என்று குருக்கள் சிரித்தார்.

நானும் அப்படியே சொன்னேன். வெளியே செருப்புப் போடும்போது அவரிடம் கேட்டேன்.

“உங்களுக்கு ஒருத்தரும் இல்லையோ அண்ணை?”

“ஏன் இல்லை? பிக்கரிங்கிலை மூண்டு சகோதரங்கள். நான் செத்தாலும் வரமாட்டினம். அவையின்ரை பேரைச் சொன்னா கோபம்தான் வருது. உள்ளை இருக்கிற சுவாமியெண்டால், மத்தியானம் கதவைப் பூட்டினாலும் பின்னேரம் திறந்திடுவார்.”

“கோபம் போயிட்டுதோ?”

“எங்கை! ஆனா இப்ப நித்திரை வருது.”

பிறகு நான் போன வெள்ளிகளில் அவரைக் காணவில்லை. கோபத்தையும் வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு நிம்மதியாக நின்றார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மா இன்னும் பேசவில்லை. அழைத்திருப்பாரோ என்று நாள் முழுக்கப் போனைப் பார்க்கிறேன். கோயிலுக்குள் நிற்கும்போது மட்டும் பார்ப்பதில்லை.